பகிர்ந்த ஃபோல்டர் திறக்கிறது, ஆனால் அதில் ஃபைலைச் சேமிக்க முடியவில்லையே, ஏன்?

ஒரு ஃபோல்டரை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று கணினியில் குறித்து வைப்பதுதான் பெர்மிஷன். விண்டோஸில் இதை இரண்டு இடத்தில் குறிக்க வேண்டும்: ஃபோல்டரை ரைட் கிளிக் செய்தால் வரும் ப்ராப்பர்ட்டீஸில் 'ஷேரிங்' ஒன்று, 'செக்யூரிட்டி' இன்னொன்று. வேறு கணினியிலிருந்து வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டாலும், வீட்டுக் கதவு பூட்டியிருந்தால் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

'அட்வான்ஸ்டு ஷேரிங்' வழியாகப் பகிர்ந்தால் 'எவ்ரிஒன்' (எல்லோரும்) என்ற பெயருக்கு முதலில் படிக்கும் உரிமை மட்டுமே கிடைக்கும். அதனால்தான் ஃபைல் திறக்கிறது, சேமிக்கப் போனால் மறுக்கிறது. அங்கே 'சேஞ்ச்', செக்யூரிட்டியில் அந்தப் பயனருக்கு 'மாடிஃபை', இரண்டையும் டிக் செய்யுங்கள். 'ஃபுல் கன்ட்ரோல்' வீட்டுக்குத் தேவையே இல்லை.

வேறு கணினியிலிருந்து ஃபோல்டரைத் திறக்கும்போது, பலர் நினைப்பதற்கு மாறாக, கணினியைத் திறக்கும் பின் நம்பர் செல்லாது. ஃபோல்டர் இருக்கும் கணினியில் உள்ள பயனர் கணக்கின் பாஸ்வேர்டைத்தான் கொடுக்க வேண்டும்.