ஹார்ட் டிஸ்க் நிஜமாவே புதுசா? டர்பன் கடை கேள்விக்கு

சவுத் ஆப்பிரிக்கா டர்பன்ல ரிப்பேருக்குக் குடுத்த கம்ப்யூட்டர்ல கடைக்காரர் நிஜமாவே புது ஹார்ட் டிஸ்க் போட்டாரான்னு கேட்டிருந்தீங்க. டிஸ்க்கோட சீரியல் நம்பரும் அது ஓடின மணிக்கணக்கும் பாத்தா தெரிஞ்சிடும். கடைல புது டிஸ்க் போட்டாச்சுன்னு பில் குடுத்தும் அதே டிக் டிக் சத்தம் வருதுன்னா, எனக்கென்னமோ விண்டோஸை மட்டும் புதுசா ஏத்தி அனுப்பிட்டாங்கன்னுதான் தோணுது, டெஸ்க்டாப் காலியா பளிச்சுன்னு இருந்தா நாமளும் நம்பிடுவோம்ல.

டிஸ்க் விவரம் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற சாஃப்ட்வேர் இலவசம்தான், போட்டு திறங்க. பவர் ஆன் ஹவர்ஸ்னு ஒரு எண் இருக்கும், டிஸ்க் இதுவரைக்கும் ஓடின மொத்த மணிநேரம் அதான். புதுசுன்னா நீங்க வாங்கிட்டு வந்தப்புறம் ஓட்டின நேரம், கூட கொஞ்சம், அவ்ளோதான். 9,000ன்னு காட்டுச்சுன்னா ராப்பகலா ஓடினாலே ஒரு வருஷத்துக்கு மேல ஆன சரக்கு. அங்கயே இருக்கற சீரியல் நம்பரை பில்லோட ஒத்துப் பாருங்க, பில்லுல இல்லன்னா எழுதிக் கேளுங்க.

முக்கியமா, கழட்டின பழைய டிஸ்க்கை குடுன்னு கேளுங்க. இங்க சவுத் ஆப்பிரிக்கால 2008 நுகர்வோர் சட்டம் 67ஆவது பிரிவுப்படி, நீங்களா வேணாம்னு சொல்லாத வரைக்கும் அதை திருப்பித் தரணும். கடைக்காரர் குடுக்க முடியாம முழிச்சா, டிஸ்க்கை மாத்தவே இல்லன்னு புரிஞ்சிக்கலாம்.

ஒண்ணு, மணிக்கணக்கை அழிச்சு பூஜ்யமாக்கி விக்கிறவனும் இருக்கான், அதனால கம்மியா காட்டுதேன்னு மட்டும் நம்பிடாதீங்க. பில்லுல ரீகண்டிஷன்டுன்னு, அதாவது பழசை சரிபண்ணிப் போட்டதுன்னு, போட்டிருந்தா கதையே வேற, ஆனா அதுக்கும் 3 மாச வாரன்டி உண்டு. எதுக்கும் முதல்ல போட்டோவெல்லாம் வேற டிஸ்க்குல காப்பி பண்ணிடுங்க.