பெண்ணின் இதயம், ஆணின் இதயம்: இதயநோய் மருத்துவர் பதில்கள்

டாக்டர், எனக்கு 46 வயது. சில வருடங்களாகச் சுகர் இருக்கிறது. மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. அது நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு வராது என்று பக்கத்து வீட்டு அக்கா அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?
*– தஞ்சாவூர் வாசகி*

அக்கா சொல்வதில் பாதிதான் சரி. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் 9 வருடம் தாமதமாக வந்தது தெரிந்தது. தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். வராது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை.

உங்களுக்குச் சுகர் இருப்பதால் அந்தச் சலுகையையும் நம்ப வேண்டாம். 2014-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுகர் வந்தால் இதயநோய் ஆபத்து ஆணுக்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் கூடுகிறது. பெண்ணுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. பெண்களுக்குச் சுகர் என்று தெரியவருவதற்குள் எடை, இடுப்புச் சுற்றளவு, பி.பி., கொழுப்பு எல்லாமே ஆண்களைவிட அதிகமாக ஏறிவிடுகின்றன என்பது ஒரு காரணம். சிகிச்சை ஏனோதானோவென்று நடப்பது இன்னொன்று. சுகரோடு 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, கொலஸ்ட்ரால் 'நார்மல்' என்று வந்தாலும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. உங்களுக்கு யாராவது எழுதினார்களா? அடுத்த முறை கேளுங்கள். கர்ப்பமாகும் வாய்ப்பு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

முதல் பிரசவத்தில் பி.பி. ஏறி, சிறுநீரில் புரதம் போய், எட்டாம் மாதமே சிசேரியன் செய்தார்கள். இப்போது 34 வயது, பி.பி. சரியாகிவிட்டது. பழைய கதையை இதய டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?
*– திருநெல்வேலி வாசகி*

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே எனக்குச் சந்தோஷம். ஏனென்றால் எங்கள் ஆட்களே இதைக் கேட்பதில்லை. சிகரெட் உண்டா, அப்பாவுக்கு அட்டாக் வந்ததா என்று விசாரிப்போம். பிரசவம் எப்படி நடந்தது என்று விசாரிக்க மாட்டோம்.

உங்களுக்கு வந்ததன் பெயர் ப்ரீ-எக்லாம்ப்சியா. அது வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சுகரும் அப்படியே. குழந்தை பிறந்ததும் சுகர் இறங்கிவிடும், ஃபைல் பரணுக்குப் போய்விடும். கர்ப்பம் என்பது ரத்தக்குழாய்களுக்கு வைக்கும் கடுமையான பரீட்சை. அதில் தடுமாறிய உடம்பை வருடம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்: பி.பி., சுகர், கொலஸ்ட்ரால். 2018-ல் வந்த அமெரிக்கக் கொலஸ்ட்ரால் வழிகாட்டுதலே ப்ரீ-எக்லாம்ப்சியாவையும், 40 வயதுக்குள் மாதவிலக்கு நிற்பதையும் ஆபத்தைக் கூட்டும் அம்சங்களாகச் சேர்த்திருக்கிறது.

இதை ஒட்டி இன்னொன்று. முப்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வருகிற பெண்களை நிறையப் பார்க்கிறேன். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் மாதவிலக்கு முன்கூட்டியே நின்ற கணக்குதான். டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.

புகைப்பவன் நான். மனைவி சிகரெட்டைத் தொட்டதுகூட இல்லை. அவளுக்கென்ன கவலை?
*– சென்னை வாசகர்*

நீங்கள் வீட்டுக்குள் புகைத்தால் அவர் உங்கள் புகையைச் சுவாசிக்கிறார், சார். அதுவும் ரத்தக்குழாயைக் கெடுக்கும். புகைக்கும் பெண்ணுக்குப் புகைக்கும் ஆணைவிட ஆபத்து 25 சதவீதம் கூடுதல் என்று 2011-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. நம் பாட்டிமார் வெற்றிலையோடு அடக்கிக்கொள்ளும் புகையிலையும் கணக்கில் வரும். 'நான் புகைப்பதில்லை' என்று அவர்கள் சொல்வது உண்மைதான். கேள்வியை நாம்தான் மாற்றிக் கேட்க வேண்டும்.

பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலியே வராதாமே?
*– கோவை வாசகி*

வாட்ஸ்அப் மிகைப்படுத்தல். ஆணோ பெண்ணோ, நெஞ்சில் அழுத்தம்தான் முதன்மையான அறிகுறி. பெண்களுக்கு அதோடு மூச்சுத்திணறல், தாடை அல்லது முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத அசதி சேர்ந்து வருவது அதிகம். அதனால் 'வாயுப்பிடிப்பு' என்று முடிவுகட்டி, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு, சமையலை முடித்தபின் சொல்கிறார்கள். அந்த நேரத்தில்தான் இதயத் தசை சாகிறது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், இ.சி.ஜி. எடுங்கள்.

என் கணவருக்கு எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை நானும் தினம் ஒன்று போட்டுக்கொள்ளட்டுமா?
*– சேலம் வாசகி*

வேண்டாம் அம்மா. இதில் சுவாரசியமான வரலாறு ஒன்று உண்டு. 1989-ல் அமெரிக்காவில் 22,071 டாக்டர்களிடம் நடந்த ஆய்வில் ஆஸ்பிரின் முதல் மாரடைப்பை 44 சதவீதம் குறைத்தது. அத்தனை பேரும் ஆண்கள்! பெண்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட 40,000 பெண்களிடம் தனியாகச் செய்த ஆய்வு 2005-ல் வந்தது. பக்கவாதம் கொஞ்சம் குறைந்தது; மாரடைப்பு மொத்தத்தில் குறையவில்லை. வயிற்றில் ரத்தக்கசிவு வேறு கூடியது. இன்று ஆண்களுக்கே முன்னெச்சரிக்கையாக எல்லாருக்கும் கொடுப்பதில்லை. ஏற்கெனவே அட்டாக் வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் கதை வேறு: அவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

ஆஞ்சியோவில் அடைப்பில்லை என்றார்கள். வலி மட்டும் போகவில்லை. மனப்பிரமையா?
*– ஈரோடு வாசகி*

பிரமை என்று சொல்லி அனுப்பியிருந்தால் எனக்கு வருத்தம். ஆஞ்சியோவில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் சரியாக விரியாவிட்டாலும் வலிக்கும். இது பெண்களிடம் அதிகம். மருந்து உண்டு. இன்னொரு இதய மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் பெண்களைப் பற்றியே சொல்கிறீர்கள். 48 வயது ஆண் எதைக் கவனிக்க வேண்டும்?
*– பெயர் வேண்டாம் என்ற வாசகர்*

நியாயம்தான். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்கிறது அதே இன்டர்ஹார்ட். மற்ற இடங்களில் 59-ஐ ஒட்டி. நீங்கள் அந்த வயதை நெருங்குகிறீர்கள். இடுப்பை அளந்து பாருங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. பெயர் வேண்டாம் என்றதால் இதையும் சொல்கிறேன்: தாம்பத்தியத்தில் புதிதாக எழுச்சிக் குறைபாடு வந்திருந்தால் லேகியக் கடைக்குப் போகாதீர்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை, அதனால் அடைப்பின் முதல் அடையாளம் அங்கேயே தெரியலாம். பி.பி., சுகர், கொலஸ்ட்ரால் மூன்றையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.