முதல் உறவில் இரத்தம் வராதது எதற்கும் சான்றாகாது

முதல் உறவில் இரத்தம் வராவிட்டால் அந்தப் பெண் முன்பே உறவு கொண்டவர் என்று நண்பர்கள் உறுதியாகச் சொல்வது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையன்று. பலருக்கு இரத்தமே வருவதில்லை.

கன்னிச்சவ்வு என்பது யோனியை அடைத்து நிற்கும் திரை அன்று; யோனி வாயிலின் ஓரத்தில் அமைந்திருக்கும், நெகிழக்கூடிய ஒரு மெல்லிய மடிப்பு. அதன் வடிவம் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதால், சிலருக்கு உறவின்போது சற்றுக் கிழிகிறது, சிலருக்கு விரிந்து கொடுத்துவிடுகிறது. வரும் இரத்தம்கூடப் பல வேளைகளில் பதற்றத்தாலும் போதிய ஈரமின்மையாலும் ஏற்படும் சிறு கீறலிலிருந்து வருவதே. கன்னித்தன்மையை உறுதிசெய்யும் பரிசோதனை எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018 அக்டோபரில் கூட்டாகவே அறிவித்தன.

நண்பர்களுக்கு இது பெரும்பாலும் கேள்விப்பேச்சிலிருந்தோ ஆபாசக் காணொளிகளிலிருந்தோ வந்திருக்கும். (அக்காணொளிகள் நடித்து, வெட்டி ஒட்டப்பட்டவை, பாடமாகக் கொள்ளத் தக்கவை அல்ல.) நீங்கள் நம்பும் மூலம் எதுவானாலும், அது சம்மதம், கருத்தடை, பால்வினைத் தொற்று ஆகியவற்றைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே சொல்லவில்லையென்றால், மற்றவற்றிலும் அதை நம்ப வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரத்தப்போக்கு மிகுந்தாலோ, நிற்காவிட்டாலோ, பின்வரும் உறவுகளிலும் வலியோ இரத்தமோ தொடர்ந்தாலோ, அதை இயல்பென்று விட்டுவிடாமல் மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.