முன்பின் தெரியாதவருக்கு ஒருவர் ஏன் உதவுகிறார்? புண்ணியத்துக்கா, பெருமைக்கா?

மதுரை பெரியாஸ்பத்திரிக்கும் சுற்றியிருக்கிற தனியார் மருத்துவமனைகளுக்கும் ரத்தம் கொடுக்க ஆள் திரட்டுகிற சின்னக் குழு ஒன்றில் பல வருடமாக இருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

காரணம் ஆளாளுக்கு வேறு. அம்மா ஆபரேஷனுக்கு யாரோ ஒருத்தர் வந்து கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனதால் அன்றிலிருந்து கொடுக்கிறவர் இருக்கிறார், மகள் பிறந்தநாளுக்கு வருஷம் தவறாமல் வருகிறவர் இருக்கிறார், படுக்கையில் படுத்தபடியே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற தம்பிகளும் இருக்கிறார்கள். அந்தத் தம்பிகளைக் கேலி பேசுவது எனக்குப் பிடிக்காது. அதைப் பார்த்துவிட்டு "அண்ணே, நானும் வரலாமா" என்று கேட்டு வந்தவர்கள் நிறைய.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைப் பார்த்திருக்கிறேன். யாராவது நேராகக் கேட்டால்தான் உள்ளே இருக்கிற அந்த எண்ணம் வெளியே வருகிறது. 'ஓ நெகட்டிவ் அவசரம்' என்று பெரிய வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கும்பிடு போடுகிற எமோஜிதான் வரிசையாக வரும். அதே குழுவில் இருக்கிற ஒருவருக்குப் போன் போட்டு, "சார், பிரசவ கேஸ், ரத்தம் நிறையப் போயிருக்கு, உங்க குரூப்தான் வேணும், பதினோரு மணிக்குள்ள ரத்த வங்கிக்கு வர முடியுமா" என்று கேட்டால் ஆபீசில் பர்மிஷன் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிடுவார். அரை மணி நேரம் முன்னால் எமோஜி போட்டவரும் அவராகத்தான் இருப்பார்!

1968-ல் டார்லி, லட்டானே என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை இதைத்தான் காட்டியது. தனித்தனி அறையில் இருந்து மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு வலிப்பு வருவது போல் குரல் கேட்கும் (உண்மையில் அது ஒலிப்பதிவு). தனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்து போய் ஆள் கூப்பிட்டார்கள். இன்னும் நான்கு பேருக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். மற்றவர்கள் ஈரமில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பயமும் ஆளைப் பிடித்து நிறுத்தும். திருமங்கலம் பக்கம் நான்குவழிச் சாலையில் ஒருத்தன் அடிபட்டுக் கிடந்தால் சுற்றி நிற்கிற பலருக்கு முதலில் மனதில் வருவது போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும்தான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தில் காப்பாற்றப் போகிறவர் மீது அதற்காக வழக்கு வராது, பெயரைச் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள், யாரும் யாரையும் இன்னார் என்று கேட்பதில்லை. பந்தலில் நிற்கிற சின்னப் பையன் கையிலும் ஒரு செம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். புண்ணியம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது, ஆனால் ஊற்றிக் கொடுக்கப் பழகிவிடுகிறான்.

அதனால் உங்களுக்கு உதவி தேவைப்பட்டால் பொதுவாகக் கேட்காதீர்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். மதுரையில் இருக்கிறீர்கள், 18 வயது முடிந்துவிட்டது, எடை 45 கிலோவுக்கு மேல், உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால், இப்போது உங்களையே கேட்கிறேன்: இந்த வாரம் பக்கத்தில் இருக்கிற ரத்த வங்கிக்குப் போய்ப் பெயர் கொடுக்க முடியுமா?