டர்பன் வட்டாரத்து கோல்ஃப் கிளப்புகளைப் பற்றி அதிகம் பேர் அறியாத தகவல்கள் என்ன?

கேள்வி கேட்டவர் வேலை விஷயமாகச் சில மாதங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தங்கப் போகிறார். கோல்ஃப் ஓரளவு ஆடுவாராம். இங்குள்ள கிளப்புகளின் கதையும் வேண்டும், முடிந்தால் ஒரு சுற்று ஆடவும் வேண்டும் என்கிறார். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்கேனி ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனாலே டர்பன் கோல்ஃபின் பாதி வரலாறு கிடைத்துவிடும். ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே டர்பன் கண்ட்ரி கிளப். வடகரையில், அலையாத்திக் காட்டை ஒட்டி பீச்வுட். தென்கரையில் சற்று மேலே மாநகராட்சியின் விண்ட்சர் பார்க். இன்னும் மேலே போனால், ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம், பாப்வா செவ்கோலம் பெயரில் ஒரு மைதானம். ஊருக்குள் கிரேவில்லில் இருக்கும் ராயல் டர்பனையும் சேர்த்துக்கொண்டால் முக்கியமானவை எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

முதலில் ராயல் டர்பன். 1892-இல் தொடங்கிய கிளப். குதிரைப் பந்தயப் பாதையின் வளையத்துக்குள்ளேயே 18 ஹோலும், அதாவது குழியோடு கூடிய 18 ஆடுதடங்களும், இருக்கின்றன. ஜூலை மாத முதல் சனிக்கிழமை ஊரே திரளும் 'டர்பன் ஜூலை' பந்தயம் ஓடுவது இந்த மைதானத்தைச் சுற்றித்தான். தரை தட்டை, காற்றைத் தடுக்க மேடு பள்ளம் ஏதும் கிடையாது. முன்பு சதுப்பாகக் கிடந்த தாழ்நிலம் என்பதால் மழை பெய்தால் தண்ணீர் வடிய நேரமாகும். இந்த ஒரு குறைதான் டர்பனின் கோல்ஃப் வரலாற்றையே திருப்பியது. 1919-இல் தென்னாப்பிரிக்க ஓப்பன் போட்டி இங்கே நடந்தபோது மைதானம் தண்ணீரில் ஊறிப்போனது. இனி டர்பனுக்கு இந்தப் போட்டி கிடைக்காமலே போய்விடுமோ என்ற கவலையில், தண்ணீர் நிற்காத மணல் நிலத்தைத் தேடிப் போய்க் கடற்கரை மணல்மேட்டில் அமைத்ததுதான் டர்பன் கண்ட்ரி கிளப். திறந்த ஆண்டு 1922. இரண்டே ஆண்டில், 1924-இல், ஓப்பன் அங்கே வந்துவிட்டது. அதன் பிறகு நாட்டில் வேறெந்த மைதானத்தையும்விட அதிக முறை அந்தப் போட்டியை நடத்திய இடம் இதுதான். உலகப் புகழ்பெற்ற தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் கேரி பிளேயர் தன் 13 தென்னாப்பிரிக்க ஓப்பன் பட்டங்களில் முதலாவதை 1956-இல் வென்றதும் இங்கேதான். கடைசியாக 2024 இறுதியில் போட்டி இங்கே திரும்பியது. அமெரிக்கர் யோஹன்னஸ் வீர்மன் வென்றார்.

கண்ட்ரி கிளப்பின் ஹோல்களில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. 12-ஆவது ஹோல் சுமார் 140 மீட்டர்தான். மூன்றே அடியில் முடிக்க வேண்டிய பார் 3. ஆனால் கிரீன், அதாவது குழி இருக்கும் புல்திடல், ஒரு மேட்டின் உச்சியில், ஆமை ஓடு மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் சரிவு. இடப்பக்கம் உருண்ட பந்தை மேலே அடித்தால், கிரீனைத் தாண்டி வலப்பக்கம் உருளும். அங்கிருந்து அடித்தால் மறுபடி இடப்பக்கம். 1920-களில் வந்த பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்ட் இப்படியே இங்கும் அங்கும் அலைந்து பத்துக்கும் மேற்பட்ட அடிகள் எடுத்தார். அதனால்தான் அந்த ஹோலுக்கு 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்று பெயர். இங்கே கொடியைக் குறி வைக்காதீர்கள். கொடி எந்த ஓரத்தில் நின்றாலும் கிரீனின் நடுப்பகுதிக்கு அடியுங்கள். தவறினாலும் நேர்முன்னே குறைவாக விழுவது நல்லது. பக்கவாட்டில் விழுந்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

மற்றது 18-ஆவது ஹோல். பார் 4 தான், ஆனால் நீளம் 250 மீட்டர் அளவே. பலமாக அடிப்பவர் ஒரே அடியில் கிரீனைத் தொட்டுவிடலாம். வலப்பக்கத்துச் சரிவுதான் ஆபத்து. நழுவிய பந்து கீழே பயிற்சித் திடல் வரை போய்விடும். பெரிய போட்டிகள் இந்தக் கடைசி ஹோலில் தலைகீழாக மாறுவதற்கு அதுவே காரணம். நான்கில் முடித்தால் போதும் என்பவர் 170, 180 மீட்டருக்கு ஒரு இரும்பு மட்டையால் இடப்பக்கமாக வைத்துவிட்டு, அங்கிருந்து ஒரு சின்ன அடி அடித்தால் தீர்ந்தது.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. இந்தக் கிளப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சோம்ட்சூ ரோட்டில், மேகசின் பாரக்ஸ் இருந்தது. மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர்களைக் குடும்பத்தோடு அடைத்து வைத்த வரிசை வீடுகள் அவை; பெரும்பாலும் தமிழர்களும் தெலுங்கர்களும். 1960-களில் அவர்களை, இந்தியர்களுக்கென ஒதுக்கிய புறநகரான சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தார்கள். ஊரைக் கூட்டியவர்களும் சாலை போட்டவர்களும் அவர்கள்தான். கிளப்புகளில் பரிமாறியதும், ஆடுபவரின் மட்டைப்பையைத் தூக்கியதும் பெரும்பாலும் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும்தான். மட்டையைப் பிடித்து ஆடும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை.

அந்தப் பையைத் தூக்கியவர்களில் ஒருவர்தான் செவ்சங்கர் 'பாப்வா' செவ்கோலம். வட இந்திய வம்சாவளி. ஆற்றின் வடகரையில் வளர்ந்து பீச்வுட்டில் கேடியாக (caddie, மட்டைப்பை சுமப்பவர்) இருந்தவர். பள்ளிப் படிப்பு கிடையாது, எழுதப் படிக்கத் தெரியாது. யாரும் சொல்லித் தராமல் தானே கற்றதால் அவர் பிடி தலைகீழாக அமைந்துவிட்டது. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வலக்கை மட்டையாளர் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைத்துத்தானே பிடிக்கிறார்? கோல்ஃபிலும் அதே பிடிதான். பாப்வா அதே பக்கம் நின்று, வலக்கையை மேலே, இடக்கையைக் கீழே வைத்தார். ஒரு குச்சியை எடுத்து இப்படிப் பிடித்து வீசிப் பாருங்கள்: மணிக்கட்டுகள் உருண்டு திரும்புவது குறையும். அதனால் பந்து இடப்பக்கம் வளைந்து ஓடுவது குறையும், திசை நேராக நிற்கும். மணிக்கட்டு தரும் வேகம் கொஞ்சம் போய்விடும். அதைத் தோளாலும் சரியான தருணத்தில் அடிப்பதாலும் ஈடுகட்ட வேண்டும். முழு வீச்சுக்கு இந்தப் பிடியை வைத்து உலகத்தரத்தில் வென்றவர்கள் மிக அரிது. ஆனால் பட்டிங்குக்கு, அதாவது கிரீனில் பந்தை உருட்டிக் குழியில் போடுவதற்கு, இன்று தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் இதே பிடியைத்தான் வைக்கிறார்கள்.

ஓலே முகப்பூச்சை உருவாக்கிய கிரஹாம் வுல்ஃப் அவர் திறமையைக் கண்டு 1959-இல் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். அந்த ஆண்டே டச்சு ஓப்பனை பாப்வா வென்றார். 1960-இலும் 1964-இலும் மறுபடி வென்றார். சொந்த ஊரில் 1963-இல் நேட்டால் மாகாணத்தின் (டர்பன் அன்று இருந்த மாகாணம்) நேட்டால் ஓப்பன், அதே டர்பன் கண்ட்ரி கிளப்பில். வென்றார். இனப்பாகுபாட்டுச் சட்டத்தால் கிளப் கட்டடத்துக்குள் அவர் கால் வைக்க முடியாது. மழையில், வெளியே நின்று கோப்பையை வாங்கினார். உள்ளே பரிமாறிக்கொண்டிருந்த இந்தியர்கள் இருக்கலாம். வென்ற இந்தியர் இருக்கக் கூடாது. அவர் அப்படி நின்ற புகைப்படம் உலகெங்கும் போய், தென்னாப்பிரிக்க விளையாட்டைப் புறக்கணிக்கச் சொன்னவர்களுக்குப் பெரும் ஆயுதமானது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்க ஓப்பனிலும் ரெட்டீஃப் வால்ட்மனிடம் ஒரே ஒரு அடியில் தோற்று இரண்டாமிடம். 1965 நேட்டால் ஓப்பனில் கேரி பிளேயரையே முந்தினார். அதன் பிறகு அரசு அவரை வெள்ளையர் போட்டிகளிலிருந்து தடுத்தது, பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டது. 1978-இல் காலமானார். பீச்வுட் பின்னாளில் கண்ட்ரி கிளப்போடு இணைந்தது. ரிசர்வாயர் ஹில்ஸ் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். டர்பனில் ஆடாவிட்டாலும் இந்த இரண்டு இடங்களையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே காரில் கொஞ்ச நேரப் பயணம்தான்.

வடக்கே போனால் கரும்பு. மவுண்ட் எட்ஜ்கோம்பில் இரண்டு 18 ஹோல் மைதானங்களோடு பெரிய குடியிருப்பு இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்திறங்கியவர்களில் தொடங்கி, நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த மண் இது. அவர்கள் கட்டிய கணேசர் கோயிலும் மாரியம்மன் கோயிலும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஈஸ்டர் நாள்களில் மாரியம்மனை வணங்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். புனித வெள்ளியன்று இங்கே ஆட்டம் பதிந்திருந்தால் சாலை நெரிசலுக்கு ஒரு மணி நேரம் சேர்த்தே கிளம்புங்கள். அதைவிட நல்லது, முதலில் அம்மனைப் பார்த்துவிட்டு மதியம் ஆடுவது.

அதற்கும் வடக்கே பலிட்டோ அருகே டாம் வைஸ்கோஃப் வடிவமைத்த சிம்பாலி. ஸ்டேங்கர் பக்கம் பீட்டர் மட்கோவிச் வடிவமைத்த பிரின்சஸ் கிராண்ட். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டும் காலம். வெட்டுமுன் தோகையை எரிப்பார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கருஞ்சாம்பல் கிரீனிலேயே விழும். கையால் தேய்த்தால் புல்லில் கறையாக ஒட்டிக்கொள்ளும். ஊதியோ தட்டியோ விடுங்கள். தெற்கே அம்கோமாஸ், 2010-இல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் வென்ற டிம் கிளார்க் வளர்ந்த ஊர். மாகாண எல்லையைத் தாண்டினால் வைல்ட் கோஸ்ட் சன் என்ற கேசினோ விடுதி. அவ்வளவு தள்ளி ஏன் கட்டினார்கள் என்று கேட்பார்கள்: அன்று தென்னாப்பிரிக்காவில் சூதாட்டம் தடை, அது இருந்த டிரான்ஸ்கையில் (நிறவெறி அரசு தனிநாடு என்று பெயருக்குப் பிரித்து வைத்த பகுதி) தடையில்லை. கேசினோவுக்காக வந்த இடத்தில் கோல்ஃபும் வந்தது.

ஆடுவதைப் பற்றி இப்போது. இங்கே ஃபேர்வேக்களில், அதாவது ஹோலின் நடுவே வெட்டிவிட்ட புல்தடங்களில், அதிகம் காண்பது கிக்குயு புல். கென்யாவின் கிக்குயு மக்களின் பெயரால் வழங்குவது. தண்டு தடித்துக் கொடியாகப் படரும். ஃபேர்வேயில் கட்டையாக வெட்டியிருந்தால் பந்து தூக்கிக் கொடுத்தாற்போல் மேலே நிற்கும், அடிக்க அருமை. வெட்டாத ஓரத்தில் அதே புல் பந்தை அடிவரை விழுங்கிவிடும். மட்டையின் கழுத்தைக் கொடி சுற்றிப் பிடிப்பதால் முகம் மூடிக்கொண்டு பந்து இடப்பக்கம் தாழ்வாகப் பறக்கும். அங்கே நீள மட்டையை எடுப்பதுதான் புதியவர் செய்யும் தவறு. 9-ஆம் எண் இரும்போ வெட்ஜோ (பந்தை உயரத் தூக்கும் குட்டை மட்டை) எடுத்து, முகத்தைச் சற்றுத் திறந்து, இடக்கையை இறுக்கி, மேலிருந்து செங்குத்தாக வெட்டுங்கள். ஃபேர்வேக்கு வந்தால் போதும். கிரீனுக்கு முன்னால் பந்தைத் தரையில் உருட்டி ஏற்றவும் பார்க்காதீர்கள்; கிக்குயு அங்கேயே நிறுத்திவிடும். தூக்கி அடித்து நேராகக் கிரீனில் இறக்குங்கள்.

ஜோஹன்னஸ்பர்கில் ஆடிவிட்டு வருபவராக இருந்தால் இன்னொன்று. அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு. பந்து ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுதலாகப் போகும். அங்கே 150 மீட்டர் போகும் மட்டை டர்பனில் 136 மீட்டர் அளவில் விழும். ஒரு மட்டை பெரியதாகவே எடுங்கள். காற்றும் சேரும்: இங்கே வடகிழக்கு, தென்மேற்கு இரண்டும் கரையை ஒட்டியே வீசும். கரைக்கு இணையாகப் போகும் ஹோல்களில் காலையில் பின்னால் தள்ளிய காற்று மாலையில் முகத்தில் அடிக்கலாம். காற்று திடீரென்று தென்மேற்காகத் திரும்பினால் பெரும்பாலும் மழை வருகிறது என்று பொருள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆடச் சிறந்த காலம்: வெயில் இதம், மழை குறைவு. ஆனால் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும். பன்னிரண்டுக்குப் பிறகு ஆட்டத்தைத் தொடங்கினால் முடிப்பது கடினம். கோடையில் புழுக்கமும் பிற்பகல் இடியும் இருப்பதால் காலை ஆறு, ஏழு மணியே சரி.

பதிவு செய்யும்போது, தென்னாப்பிரிக்க ஹேண்டிகேப் எண் (ஆட்டத் திறனைக் காட்டும் பதிவு) உண்டா என்று கேட்பார்கள். எண் இருந்தால் ஒரு கட்டணம், இல்லாதவருக்கு இன்னொன்று. வித்தியாசம் கணிசமாகவே இருக்கும். சில மாதம் தங்குவதால் ஏதாவது ஒரு கிளப்பில் சேர்ந்து எண் வாங்கிவிடுவது லாபம். கிரேவில்லில் பந்தய நாள்களில் நேரம் மாறும். முந்தின நாள் போன் செய்யுங்கள். காலர் வைத்த சட்டையும் மென்முள் காலணியும் வேண்டும், ஜீன்ஸ் கூடாது. ஒன்பதாவது ஹோல் முடிந்ததும் எல்லோரும் 'ஹாஃப்வே ஹவுஸ்' என்ற உணவுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது இந்நாட்டுப் பழக்கம். ஒன்றிலிருந்தும் பத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்குவதால் அந்த இடைவேளை கட்டாயம். வேண்டாம் என்று தொடர முடியாது. சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கி வண்டியில் வைத்தால் வெர்வெட் குரங்குகள் எடுத்துக்கொண்டு போய்விடும். சிம்பாலியிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் பையின் ஜிப்பையே திறக்கும்.

பெயர்ந்த புல்லை நிரப்ப மணல்பை கொடுப்பார்கள். அதை உடன் எடுத்துப் போவது விதி. கண்ட்ரி கிளப்பில் முதல்முறை ஆடுபவர் ஒரு கேடி வைத்துக்கொள்வது நல்லது. மணல்மேட்டு ஹோல்களில் பந்து விழும் இடம் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. பந்து எந்த மேட்டில் பட்டு எங்கே உருளும் என்பது அவருக்கு அத்துப்படி. அவர் கூலி மைதானக் கட்டணத்தில் சேராது. தொகையை அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் ரொக்கமாக அவர் கையிலேயே கொடுங்கள்.