வாசகர் கேள்வி-பதில்: மனநல மையத்தில் சொன்னது வெளியே போகாமல் இருக்க

கேள்வி: மூன்று அறைகள் கொண்ட மனநல ஆலோசனை மையம் நடத்துகிறோம். இரண்டு ஆலோசகர்கள், வாரம் இருமுறை வரும் மனநல மருத்துவர், வரவேற்பில் ஒரு பணியாளர். எல்லோருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே பாஸ்வேர்ட். எங்கிருந்து சரிசெய்ய ஆரம்பிப்பது?
– ஓர் ஆலோசகர், திருச்சி

பதில்: கம்ப்யூட்டரை அப்புறம் பார்க்கலாம்; முதலில் வரவேற்பு மேசை. வருகைப் பதிவேடு அங்கே விரிந்து கிடந்தால், கையெழுத்துப் போட வருபவர் மேலே உள்ள பெயர்களையும் படிப்பார். அதில் ஒருவர் அவர் தெருக்காரராகவே இருக்கக்கூடும். பதிவேட்டை உள்ளே வைத்துவிட்டு டோக்கன் எண் கொடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். பிறகு ஒரு சோதனை செய்யுங்கள்: ஆலோசனை அறைக்குள் இருவர் இயல்பான குரலில் பேசட்டும், நீங்கள் வெளியே காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். பேசுவது புரிந்தால் கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை ஒட்டி, நாற்காலிகளைத் தள்ளிப் போடுங்கள்.

அடுத்து, ஒவ்வொருவருக்கும் தனி லாகின். வரவேற்பில் இருப்பவருக்கு நாள், நேரம், போன் எண், கட்டணம் தெரிந்தால் போதும். பாஸ்வேர்ட் பொதுவாக இருந்தால், ஒரு கோப்பை யார் திறந்தார்கள் என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது. தவறு செய்யாதவர் மீதும் சந்தேகம் விழும். வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அன்றைக்கே மூடுங்கள். விண்டோஸ் ப்ரோ வைத்திருந்தால், கம்ப்யூட்டர் திருடுபோனாலும் உள்ளே இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கரை இயக்குங்கள். அதன் மீட்புச் சாவியை அச்சிட்டு வேறோர் இடத்தில் பூட்டி வையுங்கள், லேப்டாப் பைக்குள் அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியம், பெயரையும் குறிப்பையும் பிரிப்பது. பெயர், முகவரி, போன் எண் ஒரு பட்டியலில். சிகிச்சைக் குறிப்பு வேறிடத்தில், எண் மட்டும் இட்டு. பின்லாந்தின் வாஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். தரவுத்தளம் சரியான பாதுகாப்பில்லாமல் இணையத்தில் திறந்திருந்தது. குறிப்புகள் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றுவது) செய்யப்படவில்லை. சுமார் 33,000 பேரின் பதிவுகள் திருடுபோயின. 2020 அக்டோபரில் சிகிச்சை பெற்றவர்களுக்கே மின்னஞ்சல் வந்தது: 200 யூரோவுக்கு பிட்காயின் கொடு, இல்லையென்றால் நீ சொன்னதையெல்லாம் வெளியிடுவேன். யார் என்பதும் என்ன சொன்னார் என்பதும் சேர்ந்தே கிடைத்ததால் வந்த மிரட்டல் அது. நிறுவனம் 2021இல் திவாலானது.

எழுதும்போதே அளந்து எழுதுங்கள். 'நெருங்கிய உறவினருடன் பணத் தகராறு' என்பது சிகிச்சைக்குப் போதும். அந்த உறவினரின் பெயரும் ஊரும் எதற்கு? ஆனால் தற்கொலை அபாயம், மருந்து ஒவ்வாமை, தற்போதைய மருந்தின் அளவு ஆகியவற்றில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்காதீர்கள். அடுத்து பார்க்கப்போகும் மருத்துவர் அதை நம்பித்தான் முடிவெடுப்பார்.

கேள்வி: எங்கள் மையத்துக்கு மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அது பாதுகாப்பானதுதானே?
– வாசகர், மதுரை

பதில்: போகும் வழியில் பாதுகாப்பானது. சிக்கல் அனுப்புபவர், பெறுபவர் இருவர் போன்களிலும் இருக்கிறது. வந்த படம் தானாக கேலரியில் சேரும். அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்குப் போய், அதே கணக்கில் இருக்கும் வீட்டு டேப்லெட்டில் குழந்தைகள் கண்ணிலும் படக்கூடும். மையத்துக்கென்று தனி போன் வாங்கி, படங்கள் கேலரியில் சேராதபடி அமைப்பை மாற்றுங்கள். பேக்கப்புக்கான குறியாக்கத்தையும் தனியாக இயக்க வேண்டும். மேசைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்தபடியே இருக்கிறதா என்று 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலில் வாரம் ஒருமுறை பாருங்கள். ஆலோசனைக்கு வருபவர்களை ஒரே குரூப்பில் சேர்க்கவே கூடாது.

எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று முதல் வருகையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'நாளை மாலை 5 மணி சந்திப்பு' என்பதற்கு மேல் நினைவூட்டலில் எதுவும் வேண்டாம். பலர் கவனிக்காத இடம் யுபிஐ. 'போதை மறுவாழ்வு மையம்' என்று வணிகப் பெயர் இருந்தால், தம்பதியின் கூட்டு வங்கிக் கணக்கில் அது அப்படியே பதிவாகும். ட்ரூகாலரிலும் இதே தொல்லைதான். இரண்டிலும் பொதுவான பெயராக வையுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. ஆலோசனைக்குக் கட்டணம் கட்டுவது நான். அவள் என்ன பேசுகிறாள் என்று சொல்ல மறுக்கிறார்கள். இது நியாயமா?
– ஒரு தாய், கோவை

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது, அம்மா. ஆனாலும் அவர்கள் செய்வது சரி. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23, அந்த ரகசியம் மகளுடைய உரிமை என்கிறது. கட்டணம் கட்டுவதால் அது மாறாது. மகளே உங்களைத் தன் நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணை நிற்பவராக, எழுத்தில் ஏற்றிருந்தால், அந்தப் பொறுப்புக்குத் தேவையான அளவு தகவல் கிடைக்கும். உயிருக்கு ஆபத்தோ பிறருக்குத் தீங்கோ நேரும் நிலையில் மையம் வாய்மூடி இருக்கத் தேவையில்லை. அப்போதும் அந்த ஆபத்தைத் தடுக்க வேண்டிய அளவுதான் சொல்லலாம்.

ஒன்று செய்யுங்கள். அவள் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை என்று நீங்கள் பார்ப்பதை ஆலோசகரிடம் சொல்லுங்கள். அவர் கேட்டுக்கொள்ளத் தடை இல்லை. நீங்கள் பேசியது மகளுக்குத் தெரிந்தே நடக்கட்டும்.

கேள்வி: எங்களோடு ஒப்பந்தம் போட்ட கம்பெனியின் ஹெச்ஆர், யார் யார் வந்தார்கள் என்று மாதப் பட்டியல் கேட்கிறார்.
– மைய நிர்வாகி, சென்னை

பதில்: பெயர் கூடாது, எண்ணிக்கை மட்டும். அதையும் பிரிவுவாரியாகக் கொடுக்காதீர்கள். ஆறு பேர் உள்ள பிரிவில் 'ஒருவர் வந்தார்' என்றால், அவர் யார் என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மையக் கம்ப்யூட்டரில் கோப்புகள் திறக்கவில்லை, பணம் கேட்டு ஒரு செய்தி நிற்கிறது. என்ன செய்வது?
– வாசகி, சேலம்

பதில்: இணைய இணைப்பையும் வைஃபையையும் உடனே துண்டியுங்கள். எதையும் அழிக்காதீர்கள்; திரையைப் படமெடுத்து வையுங்கள். பேக்கப் ஹார்ட் டிஸ்க்கை இந்த நேரத்தில் செருகினால் அதுவும் பூட்டப்படும். நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு.

பாதிக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராக போனில் அழையுங்கள், முதலில் வீட்டுக்குள் வன்முறைக்கு ஆளாகக்கூடியவர்களை. எந்தத் தேதிக் குறிப்புகள், பெயர் அதில் இருந்ததா, யாராவது மிரட்டினால் எந்த எண்ணில் உங்களைக் கூப்பிடுவது என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்களின் எண்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் யாரையும் அழைக்க முடியாது. ஆகவே அச்சிட்ட பட்டியல் ஒன்று பீரோவுக்குள் பூட்டி இருக்கட்டும்.