பத்துல ஒம்போது பேர் கசாக்: பயான்-உல்கி கேள்வி பதில்

போன இதழ்ல மங்கோலியா பத்தி பேசும்போது, "மேற்குக் கோடியில பயான்-உல்கின்னு ஒரு மாகாணம் இருக்கு, அங்க மங்கோலியர்கள்தான் சிறுபான்மை"ன்னு போகிறபோக்குல ஒரு வரி எழுதிட்டேன். அந்த ஒரு வரிக்கே இவ்ளோ கேள்வி. சரி, இந்த தடவை முழுக்க அந்த ஊர்தான்.

கேள்வி: மங்கோலியான்னா புத்த மதம்தானே? அங்க மசூதி எப்படி வந்துச்சு?

ஆளுங்க வந்தாங்க, கூடவே அவங்க சாமியும் வந்துச்சு, அவ்ளோதான். 19ஆம் நூற்றாண்டு நடுவுலேர்ந்து, அல்டாய் மலைக்கு அந்தப் பக்கம் இப்போ சின்ஜியாங்னு சொல்றோமே அங்கேர்ந்து கசாக் மக்கள், முக்கியமா கெரேய் குலத்துக்காரங்க, ஆட்டையும் குதிரையையும் ஓட்டிக்கிட்டு புல் தேடி மலை தாண்டி வந்தாங்க. அப்போ ரெண்டு பக்கமும் சீனாவோட சிங் அரசாங்கம்தான், அதனால மேய்க்கிறவனுக்கு அது ஒரே மலை. 1911ல மங்கோலியா சிங் அரசாட்சியிலேர்ந்து பிரிஞ்சுது, அப்புறம் ரஷ்யாவுல புரட்சி, கோடு மேல கோடு போட்டாங்க, இந்தப் பக்கம் இருந்தவங்க இந்தப் பக்கமே தங்கிட்டாங்க. 1940ல அரசாங்கமே இவங்களுக்குன்னு தனி மாகாணம் பிரிச்சுக் குடுத்துச்சு, தலைநகர் உல்கி. இப்போ சுமார் ஒரு லட்சம் பேர், அதுல பத்துக்கு ஒம்போது பேர் கசாக், சுன்னி முஸ்லிம்கள். 1930கள்ல கம்யூனிஸ்ட் அரசாங்கம் நாடு முழுக்க புத்த மடங்களை இடிச்ச கையோட மசூதிகளையும் விட்டு வைக்கல. 1990க்கு அப்புறம்தான் திரும்ப வெளிப்படையா தொழ முடிஞ்சுது.

அதுக்காக கசாக் மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடியே அங்க இருந்த உரியாங்காய் மக்கள் இன்னும் இருக்காங்க, செங்கெல் பக்கம் துவா மொழி பேசுற சின்ன கூட்டம் ஒண்ணும் இருக்கு. சிறுபான்மைக்குள்ள சிறுபான்மை.

கேள்வி: அப்போ பக்கத்துலயே இருக்கிற கசகஸ்தானுக்கே போயிருக்கலாமே?

மேப்பை கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க. பக்கத்துலதான், ஆனா ஒட்டல. மங்கோலியாவுக்கும் கசகஸ்தானுக்கும் எல்லையே கிடையாது, நடுவுல ரஷ்யாவும் சீனாவும் மலை உச்சியில கைகோத்துட்டு நிக்குது. நேர்க்கோட்டுல சுமார் 40 கி.மீ. தான் இடைவெளி, ஆனா வண்டியில போகணும்னா ரஷ்யாவுக்குள்ள பூந்து சுத்தித்தான் போகணும்.

போகவும் செஞ்சாங்க. 1991ல சோவியத் உடைஞ்சு கசகஸ்தான் தனி நாடானதும், "வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்க எல்லாம் வாங்க"ன்னு கூப்பிட்டாங்க, இங்கயோ பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம், பல்லாயிரம் பேர் குடும்பத்தோட கிளம்பிட்டாங்க. அங்க போனா வேற கதை. நகரத்து கசாக் ஆளுங்க பாதிப் பேர் ரஷ்ய மொழியில பேசிட்டு இருக்காங்க, மங்கோலியாவுலேர்ந்து போனவங்களுக்கு கசாக் மொழி சுத்தமா வருது, ரஷ்யன் தடுமாறுது. சொந்த ஊர்னு போய் இறங்கினா அங்க இவன்தான் அந்நியன்! சில குடும்பங்க திரும்பி வந்துட்டாங்க. பழைய பழக்கம், பாட்டு, கம்பளி மேல போடுற எம்ப்ராய்டரி எல்லாம் இந்த மலைக்குள்ள மாட்டிக்கிட்டதாலதான் அப்படியே தங்கிச்சுன்னு எனக்குத் தோணும். கூடாரமே வேற மாதிரி பாருங்க, மங்கோலியர் கூடாரத்துல நடுவுல ரெண்டு தூண் இருக்கும், கசாக் கூடாரம் அதைவிட உயரம், தூணே இல்லாம நிக்கும்.

கேள்வி: கழுகை கையில வச்சுட்டு குதிரையில போற போட்டோ எல்லாம் நிஜமா? டூரிஸ்ட்டுக்காக பண்றதா?

ரெண்டும்தான். அந்த வேட்டைக்காரங்களுக்கு புர்கிட்சின்னு பேர், புர்கிட்னா பொன்னாங்கழுகு. பெட்டையைத்தான் பழக்குவாங்க, ஏன்னா ஆணைவிட பெட்டைதான் பெருசு, ஆக்ரோஷமும் ஜாஸ்தி. குஞ்சாவோ இளசாவோ பிடிச்சு, கண்ணுக்கு தோல் தொப்பி மாட்டி, கையால ஊட்டி ஊட்டி பழக்கணும். அஞ்சாறு கிலோ கனத்தை மணிக்கணக்கா ஒரே கையில தூக்கிட்டுப் போக முடியுமா, அதனால சேணத்துல கவட்டை மாதிரி ஒரு கட்டை செருகி அதுமேல கையை வச்சுக்குவாங்க. வேட்டை குளிர்காலத்துலதான், பனி விழுந்தா நரியோட தடம் தெரியும், அப்போதான் நரித்தோலும் அடர்த்தியா இருக்கும். எனக்குப் பிடிச்சது இதுக்கு அப்புறம் நடக்கிறது: சில வருஷம் வேட்டையாடின பிறகு, அறுத்த ஒரு ஆட்டை மலையில விருந்தா வச்சுட்டு, போய் குஞ்சு பொரிச்சுக்கோன்னு கழுகை விட்டுட்டு வந்துடுவாங்க. டூரிஸ்ட் கூட்டம்னா அக்டோபர் ஆரம்பத்துல நடக்கிற கழுகுத் திருவிழாதான். அது பழங்கால வழக்கம்னு நெட்ல போடுறாங்க, கிடையாது, இந்த 25 வருஷமாத்தான் நடக்குது. பழசு வேட்டைதான்.

கேள்வி: பயான்-உல்கின்னா என்ன அர்த்தம்?

பயான்னா வளம், உல்கின்னா தொட்டில். வளமான தொட்டில். ஜனவரில மைனஸ் 20ல ஆட்டிப் பாருங்க தெரியும்.

கேள்வி: கழுகைத் தவிர பாக்க என்ன இருக்கு?

தவன் போக்த், அதாவது அஞ்சு புனிதர்னு பேர் உள்ள சிகரக் கூட்டம். அதுல ஹுய்தென் 4,374 மீட்டர், நாட்டுலயே உயரம், பேருக்கு அர்த்தமே குளிர். அடிவாரத்துல போத்தானின் பனியாறு இருக்கு. ஆனா என்னைக் கேட்டா பாறை ஓவியங்களைச் சொல்வேன். 2011ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்த மூணு இடம் இருக்கு. ஆதி காலத்துப் படத்துல எல்லாம் பெரிய பெரிய காட்டு மிருகங்க, அப்போ இந்தப் பள்ளத்தாக்குல மரம் இருந்துச்சாம். அப்புறம் மாடு மேய்க்கிற படம் வருது, அதுக்கும் அப்புறம் குதிரை மேல ஆள். இப்போ மரமும் இல்ல, காட்டு மிருகமும் கண்ணுல படாது, அந்தப் பாறைக்குக் கீழ ஆடு மேயுது. நாட்டுத் தலைநகர் உலான்பாதர்லேர்ந்து ரோட்டுல 1,600 கி.மீ.க்கு மேல, முடிஞ்சா ஃப்ளைட்ல போங்க. இறங்கினதும் வாட்சை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சுக்கோங்க, மேற்கு மாகாணங்களுக்கு நேரம் தனி.